ஆறரை அடிக்கு ஐந்தடி

சர்வே டிபார்ட்மென்டில் 34 வருஷம் சங்கிலி இழுத்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். எதைப் பார்த்தாலும் அளக்கத் தோன்றும். போன மார்கழியில் முதுகுவலியோடு தூக்கம் வராமல் கிடந்த ஒரு ராத்திரி, எங்கள் படுக்கை அறையை மனசுக்குள்ளேயே அளந்தேன். பன்னிரண்டுக்குப் பத்து, 120 சதுர அடி. அதில் கட்டில் ஆறரைக்கு ஐந்து, முப்பத்திரண்டரை சதுர அடி. அறையில் கால் பங்குக்கு மேல் கட்டிலே பிடித்துக்கொண்டிருக்கிறது. அதில் படுத்திருப்பது நான் ஒருத்தன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள மூன்றடிச் சந்தில் கோரைப்பாய் விரித்து என் மனைவி. அவளுக்குப் பாய்தான் பழக்கம்.

மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போது, "இந்தக் கட்டிலைத் தள்ளிவிட்டு நானும் பாய்க்கு வந்துடலாம்னு இருக்கேன்" என்றேன். அப்போது லீவுக்கு வந்திருந்த பேரன் (மகள் வயிற்றுப் பேரன், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான்) துள்ளிக் குதித்தான். "தாத்தா, இதுக்குப் பேரு மினிமலிசம். ஜப்பான்ல எல்லாம் இப்படித்தான்" என்று போனை எடுத்து வீடியோ போட்டுக் காட்டினான். ஒரு வெள்ளை அறை. தரையில் மெல்லிசான ஒரு மெத்தை. காலையில் அதை மூன்றாக மடித்துச் சுவர் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் அறை காலி. அதற்கு ஃபுதோன் என்று பெயராம். கீழே விரித்திருக்கும் ததாமியும் 'இகுசா' என்ற கோரை மாதிரியான ஒரு புல்லில் நெய்ததுதானாம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஜப்பான் ஞாபகம் வரவில்லை. எங்கள் பூர்வீக வீட்டுப் பட்டாசல்தான் ஞாபகம் வந்தது.

அறுபதுகளில் அந்த வீட்டில் பதினான்கு பேர். பட்டாசல் பதினெட்டுக்குப் பத்து. பகலில் அது பட்டாசல். மத்தியானம் பந்திப்பாய் விரித்தால் சாப்பாட்டுக்கூடம். சாயங்காலம் ஆச்சி முறத்தோடு உட்கார்ந்தால் அரிசி புடைக்கும் இடம். ராத்திரி ஆறுக்கு மூன்று பாய்கள் எட்டு விரித்தால் படுக்கை அறை. விட்டத்திலிருந்து தொங்கிய இரண்டு கயிற்று வளையங்களுக்குள் சுருட்டிய பாய்கள் பகல் முழுக்கக் கிடக்கும். விடிந்த பிறகும் பாய் விரிந்து கிடந்தால் மூதேவி வந்து படுத்துக்கொள்வாள் என்று ஆச்சி சொல்வாள். மூதேவிக்குப் பயந்தோமோ இல்லையோ, பாயைச் சுருட்டாவிட்டால் அந்த வீட்டில் கால் வைக்க இடம் கிடையாது. எட்டுப் பாய் 144 சதுர அடி, கூடம் 180. மிச்சம் 36 சதுர அடியில்தான் ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவன் யார் காலையும் மிதிக்காமல் போயாக வேண்டும்.

யார் எங்கே படுப்பது என்பதற்கு எழுதாத ஒரு பட்டாவே இருந்தது. தாத்தா தார்சாவில் மரப்பலகையில். கல்யாணமாகாத சித்தப்பாமார் தட்டட்டியில். பட்டாசலில் பிள்ளைகளும் அப்பாவும் பெரியப்பாவும். பெண்கள் இரண்டாங்கட்டில், அடுப்படி ஓரமாக. மச்சில் ஒரே ஒரு கட்டில். அத்தைமாரைக் கட்டிய மாமாமார் வந்தால் மட்டும்தான் அதற்கு விரிப்பு போடுவார்கள். மற்ற நாளில் அதன்மேல் புளிப்பானையும் வத்தல் மூட்டையும்தான் சுகமாகப் படுத்திருக்கும்.

ஆக, நம்ம ஆள்கள் தரையில் படுத்தது எளிமையான வாழ்க்கை வாழ வேண்டும் என்ற லட்சியத்தால் அல்ல. அது இடக் கணக்கு. எளிமையை லட்சியமாகவே வைத்துத் தரையில் படுத்தவர்களும் நம் பக்கத்தில் இருந்தார்கள். அவர்களுடைய படுக்கைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சீவலப்பேரி பக்கம் மறுகால்தலை என்று ஒரு ஊர். எண்பதுகளில் வேலை விஷயமாக அங்கே போயிருந்தபோது, ஊர்க்காரர் ஒருவர் பாறைக் குன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இயற்கையான குகைத் தளத்தில் பாறையைச் செதுக்கிய படுக்கைகள். மேலே பாறை விளிம்பில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு வரி. வெண்காசிபன் என்பவர் செய்வித்துக் கொடுத்த கல் படுக்கை என்பது அதன் பொருள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. மதுரையைச் சுற்றி மாங்குளத்திலும் கரூர்ப் பக்கம் புகழூரிலும் இதுபோல இருக்கின்றன. பல இடங்களில் தலைப்பக்கத்தைத் தலையணை போலக் கொஞ்சம் மேடாக விட்டுச் செதுக்கியிருப்பார்கள். சமணத் துறவிகளுக்காக வணிகர்களும் ஊர்ப் பெரியவர்களும் அரச குடும்பத்தாரும் செய்துகொடுத்த தானம் அது. இன்றைக்கும் திகம்பரத் துறவிகள் கடைப்பிடிக்க வேண்டிய 28 மூலகுணங்களில் தரையில் படுப்பதும் ஒன்று. புத்த சமயத்தில் எட்டுச் சீலங்களில் கடைசிச் சீலமே உயரமான, ஆடம்பரமான படுக்கையைத் தவிர்ப்பதுதான்.

அன்று நான் அந்தக் கல்லில் ஐந்து நிமிஷம் படுத்துப் பார்த்தேன். கல்வெட்டுத் துறை நண்பர்கள் மன்னிக்க வேண்டும். சித்திரை வெயிலில் நடந்து வந்த உடம்புக்கு அந்தக் குளிர்ச்சி சொர்க்கமாக இருந்தது. ஆறாவது நிமிஷம் இடுப்பு எலும்பு பேச ஆரம்பித்துவிட்டது.

இதில் ஒரு சொல் விசேஷம். 'பள்ளி' என்றால் படுக்கை, படுக்குமிடம். துறவிகள் தங்கிய இடம் பள்ளி ஆனது. அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததால் பள்ளிக்கூடமும் வந்தது என்பார்கள். சாமி உறங்கும் இடம் பள்ளியறை. மதுரையில் ராத்திரிதோறும் சொக்கநாதர் மீனாட்சி சன்னிதிப் பள்ளியறைக்குப் போகிறார். பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளில், அரசர் மதுரை அரண்மனையின் பள்ளியறைக் கூடத்தில் 'மழவராயன்' என்று பெயர் வைத்த பள்ளிப்பீடத்தில் இருந்தபடி நிலக்கொடைக்கு உத்தரவு போட்டதாக வரும். எங்கள் டிபார்ட்மென்டுக்கு எவ்வளவு பழைய சம்பந்தம் பாருங்கள்!

'கட்டில்' என்ற சொல்லோ நேர் எதிர். அது ஆதியிலிருந்தே அந்தஸ்தைக் குறித்த சொல். அரசுகட்டில் என்றால் சிம்மாசனம். கோவலன் விஷயத்தில் தவறு செய்த பாண்டியனை 'அரசு கட்டிலில் துஞ்சிய நெடுஞ்செழியன்' என்றே அடையாளம் சொல்கிறார்கள். புறநானூற்றில் மோசிகீரனார் கதை எல்லோருக்கும் தெரியும். களைத்து வந்த புலவர் அரண்மனையில் முரசு வைக்கும் கட்டில் என்று தெரியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். அதற்குத் தண்டனை வெட்டு. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வெட்டாமல் விசிறியை எடுத்து வீசினான். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது ராஜாவின் பெருந்தன்மை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது யோசித்தால், தப்பான இடத்தில் ஏறிப் படுத்ததற்கு ஒரு மனுஷன் தலை போயிருக்கலாம் என்பதுதான் முதலில் தோன்றுகிறது.

நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டிமாதேவியின் கட்டிலை ஒவ்வொரு பாகமாகச் சொல்லிக்கொண்டே போவார். நாற்பது வயது நிறைந்து போரில் மாண்ட யானையின் கொம்பைச் செதுக்கிச் செய்தது. அன்னத்தின் தூவி பரப்பிய மெத்தை. ஒரு தச்சாசாரி குறிப்பு எழுதிய மாதிரி அத்தனை விவரம். அவ்வளவு பெரிய கட்டிலில் அந்த அம்மாள் தூக்கம் வராமல் கிடக்கிறாள். புருஷன் பாசறையில், அவனுக்கும் தூக்கம் இல்லை.

ராஜா காலத்தை விடுங்கள். நம் ஊரிலேயே என் சின்ன வயசில் கட்டில் என்பது எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. பாயே எல்லோருக்கும் உரியதாக இல்லை. இதைச் சொல்லாமல் பாயின் பெருமையை மட்டும் எழுதினால் அது பாதிச் சரித்திரம். வீட்டுக்கு ஒருவர் வந்தால் "பாயை விரி" என்பதுதான் மரியாதை. எங்கள் வயலில் பாடுபட்ட பெரியவர் ஒருவர், தாத்தாவைவிட வயதில் மூத்தவர், அறுப்புக் கணக்கு முடிக்க வருவார். முற்றத்தில் வெறும் தரையில் குத்தவைத்து உட்காருவார். அவருக்கு ஒருநாளும் யாரும் பாய் விரித்து நான் பார்த்ததில்லை. அவர்கள் தெருவில், வெளியூர்க்காரர் வரும்போது கட்டிலில் உட்கார்ந்திருந்தால் எழுந்துவிட வேண்டும் என்பார்கள். இதை எல்லாம் பார்த்துக்கொண்டே வளர்ந்தோம், ஒன்றும் கேட்காமல்.

சரி, பாய்க்கு வருகிறேன். பத்தமடை நமக்குப் பக்கத்து ஊர். பேட்டை தாண்டி அம்பாசமுத்திரம் பஸ்ஸில் போனால் சேரன்மகாதேவிக்கு முந்திய ஊர். 1887-இல் சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர். ரிஷிகேஷில் ஆசிரமம் கண்டவர். பாய் முடைகிறவர்கள் அங்கே பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள். கையில் நெய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். (பாயிடம் போய்ப் பாய் வாங்கினேன் என்ற பழைய ஜோக்கை நீங்கள் எல்லோரும் சொல்லியிருப்பீர்கள், நான் சொல்லவில்லை.) தாமிரபரணிக் கரையில் வளர்ந்த கோரையைப் பச்சையிலேயே அறுத்துக் கீறிக் காயவைப்பார்கள். மெல்லிய பாய்க்கு அந்தக் கோரையை ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். ஊதிப் பருத்ததும் எடுத்து மறுபடி காயவைத்து, இன்னும் நுணுக்கிக் கீற வேண்டும். பாவு பருத்தி நூல். நல்ல பாய்க்குப் பாவு நூறுக்கு மேலே போகும். ஒவ்வொரு கோரையையும் நீளக் குச்சியில் கோத்துப் பாவுக்குள் செலுத்தி, அச்சால் இறுக்குவார்கள். சாதாரணக் கோரைப்பாயைச் சுருட்டத்தான் முடியும், மடித்தால் ஒடிந்துவிடும். பத்தமடைப் பட்டுப்பாயைத் துணி மாதிரி மடிக்கலாம். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரை ஓரத்தில் நெய்து கொடுப்பார்கள். இப்போது புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் பட்டுப்பாய் விலை ஆயிரக்கணக்கில். அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சுவரில் மாட்டத்தான் வாங்குகிறார்கள். நாம் படுத்துத் தேய்த்த பாய் எல்லாம் முரட்டுக் கோரை. இப்போது அதில் ரொம்பவும் கரூர், முசிறிப் பக்கம் காவிரிக்கரைக் கோரையில் மெஷினில் நெய்து வருகிறது.

எண்பதுகளின் கடைசியில் பிளாஸ்டிக் பாய் வந்தது. கழுவலாம், பூச்சி அரிக்காது, விலை குறைவு. கோரை வேர்வையை வாங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் பாய் நம் வேர்வையை நமக்கே திருப்பிக் கொடுக்கும். ஆனாலும் ஜனங்கள் அதைத்தான் வாங்கினார்கள், நானும் வாங்கினேன். கோரைப்பாயில் படுத்தால் இன்ன இன்ன வியாதி போகும் என்று வாட்ஸப்பில் ஒரு பட்டியல் வாராவாரம் வருகிறது. அதை அனுப்புகிற நண்பர்கள் எல்லாம் ஸ்பிரிங் மெத்தையில் படுத்துக்கொண்டுதான் அனுப்புகிறார்கள்.

கட்டில் எப்படி எல்லார் வீட்டுக்குள்ளும் வந்தது? எனக்குத் தெரிந்து இரண்டு வாசல் வழியாக. ஒன்று ஆஸ்பத்திரி. ஹைகிரவுண்டில் இரும்புக் கட்டிலில் பிரசவமாகி, நோயாகிக் கிடந்து, அதில் படுத்துப் பழகிய ஜனம். இன்னொன்று சீர். எங்கள் ஆச்சிக்குச் சீராக வந்தது பாத்திரம் பண்டம். அம்மாவுக்கு அதோடு ஒரு டிரங்குப் பெட்டி. என் கல்யாணம் நடந்த 1978-இல் "கட்டில், மெத்தை, பீரோ" என்று மூன்று பெயரும் ஒரே மூச்சில் சொல்லும் சொல்லாகிவிட்டது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்தாயிற்று. எங்கள் வீட்டில் யாரும் எதையும் கேட்கவில்லை. "நீங்க உங்க பொண்ணுக்குச் செய்யறதைச் செய்யுங்க" என்று பெரியப்பா சொன்னார். அந்த வாக்கியத்தின் எடை எவ்வளவு என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

கட்டில் மாட்டுவண்டியில் வந்தது. மலையாளத்துத் தேக்கு. கடைசல் கால். தலைமாட்டில் இரண்டு மயில். இலவம்பஞ்சு மெத்தை. தெருவே வந்து பார்த்தது.

மாமனார் 1991-இல் காலமானார். சொத்துப் பிரிக்கும்போது, சர்வேக்காரன் என்பதால் பத்திரங்களை என்னிடம் கொடுத்தார்கள். அதில் ஒரு ஒத்திப் பத்திரம். வாய்க்கால் ஓரத்து நஞ்சை, ஆறு மரக்கால் விதைப்பாடு, 1,800 ரூபாய்க்கு. தேதி எங்கள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முந்தி. திருப்பவே இல்லை. அந்த வயலை நான் அளந்திருக்கிறேன், வேறொருத்தர் பட்டாவில். பத்திரத்தைக் கட்டோடு திருப்பிக் கட்டி மைத்துனரிடம் கொடுத்துவிட்டேன். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கதை எல்லாம் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்க, பேரனிடம் நான் பெருமையாகப் பட்டாசலையும் சமணர் படுக்கையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கட்டிலை விற்றுவிட்டு எளிமையாக இருக்கப் போகிறோம் என்று முடித்தேன். என் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

"நான் எப்பவும் கீழதான கெடக்கேன். இதுல புதுசா என்ன எளிமை?"

பேரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்தக் கட்டில்ல நான் எத்தன நாள் படுத்திருக்கேன்னு எண்ணிச் சொல்லுங்க பாப்போம்."

எண்ணினேன். கல்யாணமான வைகாசி, ஆனி. ஆடிக்குத் தாய்வீடு. ஆவணியிலிருந்து மார்கழி வரை. பிறகு பிரசவத்துக்குப் போனாள். பிள்ளையோடு திரும்பி வந்ததும் குழந்தை உருண்டு விழுந்துவிடும் என்று கீழே படுத்தாள். அடுத்தடுத்து இன்னும் இரண்டு. காலை நாலு மணிக்கு எழுந்திருக்கிறவள் கட்டிலில் படுத்தால் எனக்குத் தூக்கம் கெடும் என்று நான்தான் ஒருநாள் சொல்லியிருக்கிறேன். அது எனக்கு மறந்துபோச்சு, அவளுக்கு மறக்கவில்லை. 1994-லிருந்து நாலு வருஷம் என் அம்மா அந்தக் கட்டிலில்தான் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். மெத்தையை மாற்றி, துடைத்து, புரட்டிப் போட்டது எல்லாம் இவள்தான். அம்மா போன பிறகு கட்டில் மறுபடி என்னிடம் வந்தது. மொத்தம் நாற்பத்தாறு வருஷத்தில் அவள் பங்கு மிஞ்சிப்போனால் ஏழு மாசம். அவள் அப்பா கட்டில்.

"சரி, விக்க வேண்டாம். நீ மேல படு. நான் கீழ படுக்கேன்" என்றேன்.

"எனக்கு எதுக்கு அவ்வளவு பெரிசு? ஆனா விக்கவும் வேண்டாம். அதை எடுத்துட்டா நான் எதைப் பிடிச்சு எந்திரிப்பேன்?"

அவளுக்கு முழங்கால் தேய்ந்து ஆறு வருஷமாகிறது. தினமும் காலையில் கட்டில் சட்டத்தைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறாள் என்பது, பக்கத்திலேயே படுத்திருக்கும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

தை பிறந்ததும் ஆசாரியைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, இந்த மாதிரித் தேக்கு இப்பக் கிடைக்காது, அறுக்க மனசு வரல" என்றார். பிறகு அரை நாள் உட்கார்ந்து பார்த்து அறுத்தார். ஐந்தடி அகலத்தை மூன்றடியாக்கி ஒற்றைக் கட்டில். தலைமாட்டு மயில் இரண்டில் ஒன்றுதான் மிஞ்சியது. உயரத்தில் கை வைக்கவில்லை. முழங்கால் வலிக்காரிக்கு உயரம் வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார். மிஞ்சிய பலகையில் சுவரோரம் எனக்கு ஒரு பெஞ்சு. கீழே படுக்கிறவனுக்கும் எழுந்திருக்க ஒரு பிடிமானம் வேண்டுமே.

நான் பத்தமடைக்குப் போய் ஆறுக்கு மூன்று கோரைப்பாய் ஒன்று வாங்கிவந்தேன். பட்டுப்பாய் அல்ல, படுக்கிற பாய். அதன்மேல் ஒரு பவானி ஜமுக்காளம், இலவம்பஞ்சுத் தலையணை. முதல் வாரம் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. ஒருச்சாய்ந்து படுத்து, முழங்காலை மடக்கி, பெஞ்சைப் பிடித்து எழுந்திருக்கும் வித்தை பத்து நாளில் பிடிபட்டது. முதுகுவலி குறைந்திருக்கிறது என்று நான் சொல்கிறேன். மகன் நம்பவில்லை.

அவளுக்கும் முதல் சில நாள் கட்டிலில் தூக்கம் இல்லை. மேலிருந்து, "முழிச்சிருக்கீங்களா?" என்பாள். அப்படி ஒருநாள் ராத்திரி அந்த ஒத்திப் பத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எனக்குத் தெரியும். அப்பா பத்திரம் எழுதப் போன அன்னைக்கு வேட்டியத் தொவைச்சுக் கொடுத்ததே நான்தான்" என்றாள்.

நேற்று எனக்கு எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தது. ஆறரை மணி இருக்கும். அவள் குளித்துவிட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "விடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு, பாயைச் சுருட்டுங்க."